கண்ட்ரோல் தொட்டியில் இரண்டு

கமலநாதன் உயிரோடு இருக்கும் மீனை எண்ணும்போது ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போவார், அரிசி அளக்கிறவர்கள் சொல்வது போல. செத்த மீனுக்கு மட்டும் "ஒண்ணு." பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். என் மேசைக்கும் அவருடைய மீன் அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் லாபம் என்கிறாரா ஒண்ணு என்கிறாரா என்று கேட்டே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன்.

என் பெயர் ராஜினி. பிரிக்பீல்ட்ஸில் வீடு. சோதனைகளின் அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட வாசலைத் தாண்டாது என்று முப்பது வருடமாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தவள். பொறுமை கிடையாது, வாய் கொஞ்சம் நீளம். கமலநாதனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று அவரைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். தகுதி இல்லைதான். ஆனாலும் இதை எழுத என்னை விட்டால் ஆளில்லை.

எங்கள் வேலையைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு கம்பெனி புதிதாகச் சோப்புத் திரவமோ பூச்சிமருந்தோ செய்கிறது. அது சாக்கடையில் இறங்கி ஆற்றுக்குப் போனால் அங்கிருக்கும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து கண்ணாடித் தொட்டிகளில் அந்தத் திரவத்தை ஒன்றைவிட அடுத்தது பாதி வீரியமாக இருக்கும்படி கலக்குவோம். ஆறாவது தொட்டியில் நல்ல தண்ணீர் மட்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். தொட்டிக்குப் பத்து மீன், உடம்பில் நீலக்கோடு போட்ட சின்னஞ்சிறு மீன்கள். நான்கு நாள், சரியாகத் தொண்ணூற்றாறு மணி நேரம். தினமும் அதே நேரத்துக்குச் செத்ததை எண்ண வேண்டும். எந்த வீரியத்தில் பாதி மீன் சாகிறது என்பதுதான் நாங்கள் தேடும் விடை. நல்ல தண்ணீரில் ஒரு மீன் செத்தால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. நல்ல தண்ணீரிலேயே சாகிறது என்றால் மற்றத் தொட்டிகளில் செத்ததற்கு எது காரணம் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்த எண்ணிக்கையைக் கமலநாதன் எடுத்தால் அதற்கு மேல் கேள்வி இல்லை. மீன் செத்துவிட்டதா என்று பார்க்கக் கண்ணாடிக் குச்சியால் வாலைத் தொட வேண்டும். விதிப்படி ஒருமுறை தொட்டால் போதும். இவர் மூன்று முறை தொடுவார், நடுவில் நிறுத்தி நிறுத்தி. நான் அறிக்கைத் தாளோடு வாசலில் நின்றுகொண்டு, "உயில் எழுதி வாங்கிட்டு வாங்க நாதன், நான் இங்கயே நிக்கிறேன்" என்று கடுப்படிப்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மூன்றாவது முறையில் வால் அசைந்த மீன்களும் உண்டு என்பதால் எனக்கும் வாயை மூடிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவர் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, லோரியில் கிளீனராக ஓடி, பிறகு எங்கள் ஆய்வகத்துக்குத் தரை துடைக்கிற வேலைக்கு வந்தார். மீன் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஓடிக்கொண்டிருந்த சோதனையை யாரும் கேட்காமலே எண்ணி எழுதிவைத்திருந்தது இந்தத் துடைப்பக்காரர்தான். மறுநாளே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு அவர் கையில் கண்ணாடிக் குச்சியைக் கொடுத்தோம்.

சோதனை முடிந்த அன்று பிழைத்த மீன்களையும் விட்டுவைக்கக்கூடாது என்பது விதி. கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் விட்டால் மயங்கி அப்படியே போய்விடும். அதைச் செய்கிற நாளில் கமலநாதன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கமாட்டார். மோட்டார் சைக்கிளில் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வீடு போய்ச் சேர்ந்தால், அவர் மனைவி உஷாராணி பின்வாசலில் வாளித் தண்ணீரோடு நிற்பார். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் போலத் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். இதைக் கேள்விப்பட்டு நான் சிரித்திருக்கிறேன். அதே நாட்களில் என் வீட்டில் மீன்குழம்பு கொதித்திருக்கிறது.

போன வருடம் செப்டம்பர் கடைசியில் கார்த்திகேசு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். செமினியில், ஓர் ஓடையை ஒட்டிய அரசாங்க நிலத்தில், வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக உரிமத்தில் ஏழு குளம் வெட்டிப் பாத்தின் மீன் வளர்த்தவர். ஓடைக்கு மேலே பழைய பீப்பாய்களைக் கழுவி விற்கிற ஒரு கொட்டகை வந்த நாலாவது மாதம், ஒரே விடியலில் ஏழு குளமும் வெள்ளை வயிறாக மிதந்தன. கொட்டகைக்காரர்கள், கிழவர் தீனியை அள்ளிக் கொட்டித் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டார் என்றார்கள். சுற்றிப் புதிதாக வந்திருந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் எழுதினார்கள். நில அலுவலகம், உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு நவம்பரில் விசாரணை வைத்துவிட்டது.

குளம் செத்தது தன்னால் இல்லை என்று அந்த விசாரணையில் அவர் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் நிலம் போய்விடும். அவருடைய வழக்கறிஞர் சிவேந்திரன், கொட்டகையின் குழாய் ஓடையில் விழுகிற இடத்திலேயே சாட்சிகளை வைத்துக்கொண்டு இருபது லிட்டர் தோங் என்கிற பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டில் கழிவுநீரைப் பிடித்து முத்திரை வைத்து அனுப்பியிருந்தார். பிடித்த மறுநாளே கொட்டகைக்காரர்கள் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். எங்களிடம் வந்த நாற்பது லிட்டர்தான் உலகத்தில் மிச்சம் இருந்தது. தொட்டிகளை நிரப்பி, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் கணக்காகத் தீர்ந்துவிடும். இரண்டாவது சோதனைக்கு ஒரு சொட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கமலநாதன் மீன்களை விட்டார். புதன் காலை ஒன்பது மணிக்கு முதல் எண்ணிக்கை. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று பத்து வரை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து பத்து. கலப்பில்லாத கழிவுநீரிலும் பாதிக்குப் பாதி கலந்ததிலும் இருந்த இருபது மீனும் ஒரே நாளில் செத்துவிட்டன. கண்ட்ரோல் தொட்டிக்கு வந்தபோது அவர் குரல் மாறியது. "லாபம், ரெண்டு, மூணு" என்று பத்தும் உயிரோடு. சிவேந்திரனைத் தொலைபேசியில் கூப்பிட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். முடியும் முன்னால் சொல்வது எங்கள் வழக்கமில்லை. சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை.

எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் தமிழர்கள். தராசுக்குச் சந்தனம், நுண்ணோக்கிக்குக் குங்குமம், ஒரு தட்டு பொரிகடலை, முடிந்ததும் மலாய், சீனத் தோழர்களுக்கும் சுண்டல். இது வருடம் தவறாமல் நடக்கும். மீன் அறையில் சோதனை ஓடுகிற வருடங்களில் மட்டும் அந்தப் பக்கம் ஒரு பூவைக்கூடக் கமலநாதன் விடமாட்டார். தொட்டிகள் காலியான பிறகு தனியாகப் பொட்டு வைத்துக்கொள்வார். நானோ முதல்நாளே பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வரிசைக்குப் பக்கத்தில் நல்ல கட்டிச் சாம்பிராணியாகப் பார்த்து வாங்கிவைத்திருந்தேன். மாலை நான்கு மணிக்குத் தூபக்காலில் கரியைப் பற்றவைத்தபோது அவர் என்னிடம் வந்தார்.

"மீன் ரூம் பக்கம் வேணாம்க்கா. டெஸ்ட்டு ஓடுது."

"உள்ள யாரு போகச் சொன்னா? கதவச் சாத்திட்டு பின்பக்க நடையில நின்னு காட்டுங்க. அந்தச் செமினிக்காரருக்கும் சேத்து வேண்டிக்குங்க."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிக்கா" என்றார். மீன் அறையின் பின்பக்கக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துணி வைத்து அடைத்தார். துணியைப் பிழிந்து கொடுத்ததே நான்தான். அந்தக் குறுகலான நடையில் நின்று மூன்று சுற்றுக் காட்டினார். புகை நன்றாகக் கட்டி நின்றது. நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நேரம் நாலு பத்து.

கதவின் மேல் எங்களுக்கு இருந்த கவனத்தில் ஒன்றை மறந்துபோனோம். தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற மோட்டார் அந்த நடையில்தான் இருந்தது, எங்கள் தலைக்கு மேலே, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால். இருபது வருடம் மீன் அறைக்குள் இருந்த மோட்டார் அது. காதருகே ரீங்காரம் போடுகிறது, தலைவலிக்கிறது என்று நான் நச்சரித்ததால் ஆகஸ்டில்தான் சுவரில் துளை போட்டு வெளியே மாற்றினார்கள். நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அது புகையை இழுத்து ஆறு தொட்டித் தண்ணீரிலும் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை கண்ட்ரோலில் இரண்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதாகக் கமலநாதன் சொன்னார். வெள்ளிக்கிழமை "ஒண்ணு" என்று கேட்டது. ஒன்றுதானே, பொறுக்கலாம் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன். சனிக்கிழமை காலை, ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. மூன்று முறை, நான்கு முறை, ஐந்து முறை தொட்டுப் பார்த்திருப்பார். பிறகு கேட்டது: "ரெண்டு."

எழுந்து உள்ளே போனேன். அதற்குள் அவர் நடையில் நாற்காலி போட்டு ஏறி மோட்டாரின் வடிகட்டித் துணியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய துணி பழுப்பேறிக் கிடந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோயில் வாசனை அடித்தது.

அந்த அறையில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வளர்ப்புத் தொட்டியில் இருநூறு மீன் ஓடிக்கொண்டிருந்தது. "அதுல ரெண்ட எடுத்து இதுல விடுங்க நாதன். அந்த மனுஷன் பக்கம் நியாயம் இருக்கு. தப்பான ஆளுக்கா செய்றோம்?" என்றேன். அவர் ஏற்கெனவே வலையைக் கையில் வைத்திருந்தார், செத்த மீனை எடுப்பதற்காக. ஒரு கணம் அவரும் நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றியது.

"இருவத்திரண்டு வருஷமா நான் செத்தது பூஜ்யம்னு எழுதுனா நீங்க உள்ள வந்து பாக்காமலே கையெழுத்துப் போடுறீங்க. இத மாத்தி விட்டேன்னா, திங்கக்கிழமை நான் எழுதுற பூஜ்யத்துக்கு நீங்க எப்படிக்கா கையெழுத்துப் போடுவீங்க?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அன்று மதியமே செமினிக்குப் போனோம். தொலைபேசியில் சொல்கிற விஷயமில்லை, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் காரை ஓட்டினேன். கார்த்திகேசுவின் தகரக் கூரை வீட்டைச் சுற்றி ஏழு குளமும் தண்ணீர் வடிக்கப்பட்டு வெடித்த சேறாகக் கிடந்தன. அவர் மனைவி பவுனம்மாள் தேத்தண்ணீர் கலக்க உள்ளே போனார். கமலநாதன் உட்காராமலே, தூபம் காட்டியதையும் மோட்டாரையும் இரண்டு மீனையும் வரிசையாகச் சொன்னார். "நான்தான்ணே காட்டுனேன்" என்றார். யார் காட்டச் சொன்னது என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதைக் கேட்கிற நிலையில் கிழவர் இப்போது இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சாக்கு எனக்கு உடனே கிடைத்தது.

கார்த்திகேசு திட்டவில்லை. வெடித்த சேற்றின் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அந்த இருவது மீனும் செத்தது பொகைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிண்ணே. காலையில ஒம்பது மணிக்கே எண்ணி எழுதிட்டேன். பொக சாயங்காலம் நாலு பத்துக்கு."

"அத அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேண்ணே."

அந்த ஒரு சொல்லில்தான் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிவேந்திரனிடம் கேட்டபோது அவரும் அதையே பிடித்துக்கொண்டார். அறிக்கை செல்லாது என்றே இருக்கட்டும். முதல்நாள் காலையில் கண்ணால் பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்லலாம், அதற்குப் பிறகுதான் புகை வந்தது என்பதற்கு நேரத்தோடு எழுத்தில் ஓர் ஆதாரம் இருந்தால் போதும் என்றார்.

அந்த ஆதாரம் எங்களிடம் இருந்தது. வேலையில் எது தவறினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை கமலநாதன் அதைத் தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பினார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று செய்தவர் பெயர். அடுத்தது அனுமதி தந்தவர் பெயர். முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாவதைக் காலியாக விட்டு, படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் தரச்சான்று புதுப்பிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. சோதனைக்குப் பொறுப்பானவளே தீ வைக்கச் சொன்னாள் என்று எழுதினால் என் கையெழுத்துக்கு இனி என்ன மரியாதை? சோதனைதான் செல்லாமல் போயாயிற்றே, இந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். நாதன் என்னைக் காப்பாற்றத்தான் காலியாக விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டேன். எங்கள் படிவங்களில் கோடு என்றால் அப்படி ஒருவர் இல்லை என்று அர்த்தம். கீழே கையெழுத்தும் போட்டேன்.

நவம்பர் விசாரணைக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்று ஏதோ பெரிய மனசு. இரண்டாவது வரிசையில் பவுனம்மாளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கமலநாதன் வெளுத்த சட்டையில், முழுக்கையைப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தனக்குத் தெரிந்த மலாயில் நிதானமாகச் சொன்னார். இருபது மீன், காலை ஒன்பது மணி, மூன்று முறை தொட்டுப் பார்த்தேன், நல்ல தண்ணீரில் பத்தும் உயிரோடு இருந்தன. அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். கார்த்திகேசுவின் தோளில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கொட்டகைக்காரர்களின் வழக்கறிஞர் எழுந்து மீன்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிவேந்திரன் ஆதாரமாகக் கொடுத்திருந்த எங்கள் படிவத்தின் நகலைத் தூக்கிக் காட்டினார். இதன்படி இந்த ஆளுக்கு யாரும் அனுமதி தரவில்லை, ஆய்வகத்தில் பொறுப்பானவரே கோடு போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார் என்றார். ஆய்வகத்தில் தன் இஷ்டத்துக்கு நெருப்பு மூட்டுகிறவர், புதன் மாலையில் செய்ததை ஐந்து நாள் கழித்துத்தான் எழுதிக் கொடுக்கிறார், அதே ஆள் அன்று காலையில் தொட்டியில் என்ன செய்தார் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். கமலநாதனைப் பார்த்து, அன்றைக்கு நீங்கள் செய்தது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கமலநாதன் பேசாமல் நின்றார். அதிகாரி அதே கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேட்டார். "செய்தது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் நிறுத்திய அந்த இடத்தில் அரை நிமிடம் அறையே காத்திருந்தது. நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் வியர்வை வழிவதைப் பார்த்த பவுனம்மாள், "ஒடம்புக்கு முடியலையாம்மா?" என்று காதோடு கேட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

சாட்சியை ஏற்க முடியவில்லை என்று எழுதினார்கள். ஜனவரியில் உரிமம் ரத்தானது.

ஆய்வகத்தில் கமலநாதனை மீன் அறையிலிருந்து மாற்றி வண்டியோடு அனுப்பினார்கள், ஆங்காங்கே போய்த் தண்ணீர் பிடித்து வருகிற வேலைக்கு. யாருக்கும் சொல்லாமல் நெருப்பு மூட்டியவர் என்று கோப்பில் இருக்கும்போது வேறு என்ன செய்வார்கள்? அன்று கூட நின்று கும்பிட்டவர்களும் என் கோட்டை மீறி வாய் திறக்கவில்லை. மார்ச் மாதம் அவரே விலகிக்கொண்டார். கடைசி நாள் வளர்ப்புத் தொட்டியில் இருந்த மீன்களையெல்லாம் எண்ணி, புதிதாக வந்த பெண்ணிடம் ஒப்படைத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லாபம் என்று ஆரம்பித்தது. இருநூற்றுப் பதினான்கில் முடிந்தது. என்னிடம் வந்து "போறேன்க்கா" என்றார். பிறகு சிரித்து, "வரேன்க்கா" என்று திருத்திக்கொண்டார்.

எனக்கு அதன் பிறகு தூக்கம் சரியில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றெல்லாம் எழுதினால் அது என் மேல் இரக்கம் தேடுகிற வேலை. வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். புதிய பெண் பூஜ்யம் என்று எழுதிக் கொண்டுவரும் தாள்களில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் அப்படிப் போன பிறகு ஒரு கடிதம் எழுதினேன். சாம்பிராணி வாங்கியதும் காட்டச் சொன்னதும் நான், கமலநாதன் வேண்டாம் என்றார், கோடு போட்டது பொய், அவர் எண்ணிக்கைக்கு நான் பொறுப்பு. நில அலுவலகத்துக்கு ஒன்று, எங்கள் நிர்வாகத்துக்கு ஒன்று. தபாலில் சேர்ப்பதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானுக்குப் போனேன்.

இப்போது அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டிச் சரக்கு எண்ணுகிறார். கொஞ்சம் இளைத்திருந்தார். உஷாராணி என்னைப் பார்த்துச் சிரித்த முகமாகத்தான் வாங்க என்றார். தேத்தண்ணீர் வந்தது. பின்வாசலில் அந்த வாளி கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தொட்டியைப் பார்ப்பது போல நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். மடித்து என் பக்கம் மேசைமேல் வைத்தார்.

"போன வாரந்தான் செமினிக்குப் போயிட்டு வந்தேன்க்கா. ஏழு கொளத்தையும் செம்மண்ணு கொட்டி மூடிட்டாங்க. வீடு கட்டப் போறாங்களாம். அவங்க ரெண்டு பேரும் மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

வருத்தப்படாதீங்கக்கா என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தக் கட்டத்த ஒங்களக் காப்பாத்துறதுக்காக நான் காலியா விடலக்கா. அது நீங்க எழுத வேண்டிய எடம். எழுதிடுவீங்கன்னு நெனச்சித்தான் கை கழுவப் போனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து எழுதியதைப் படிக்கிற குரலில்தான் சொன்னார். தேத்தண்ணீர் ஆறிவிட்டது. உஷாராணி வேறு கலந்து தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். திரும்புகிற வழியில் கிள்ளான் நகரில் தபால் பெட்டியைப் பார்த்துக் காரை நிறுத்தி, இரண்டு கடிதத்தையும் போட்டேன்.